தமிழ்நாட்டின் தனியார் மின் உற்பத்தியாளர்கள்: எந்த எரிபொருளில் எத்தனை மெகாவாட்?

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டில் சுயேச்சையான தனியார் மின் உற்பத்தியாளர்களின் நிறுவு திறன் எரிபொருள்வாரியாக எவ்வளவு? ஓர் ஆவணம் ஆயிரத்துச் சொச்சம் மெகாவாட் என்கிறது, இன்னொன்று இருபதாயிரத்தையும் தாண்டுகிறது, இரண்டும் அரசுக் கணக்குகள்தான் என்றால் எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம், ஏனென்றால் அவை எண்ணுவது வெவ்வேறு பொருள்களை. மின் வாரியத்தின் பழைய ஏடுகளில் ‘தனியார் மின் உற்பத்தியாளர்’ என்ற தலைப்பின் கீழ் வருபவை, 1990களில் வாரியத்தோடு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொண்டு, எடுக்கும் மின்சாரம் முழுவதையும் வாரியத்துக்கே விற்ற ஏழு அனல் மின் நிலையங்கள் மட்டுமே. மத்திய மின்சார ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் பட்டியல் உரிமையை வைத்து மத்திய அரசு, மாநில அரசு, தனியார் என்று மூன்றாகப் பிரிப்பதால், காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் சர்க்கரை ஆலைகளும் கடலோர நிலக்கரி நிலையங்களும் ஒரே தனியார் பத்தியில் குவிந்துவிடுகின்றன. எண்ணிக்கை இருபது மடங்கு பெருத்துத் தெரிவதற்கு முதற்காரணம் இந்த வகைப்பாடு. இரண்டாவது காரணம், இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் எரிபொருள் அடியோடு மாறிப்போனது.

முதலில் அந்த ஏழு நிலையங்களைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டம் 1991இல் திருத்தப்பட்டபோதுதான் மின் உற்பத்தியில் தனியாருக்கு, வெளிநாட்டு முதலீடு உட்பட, வாசல் திறந்தது. 1992 மார்ச்சில் வந்த கட்டண அறிவிக்கை, நிலையம் தன் திறனில் 68.5 சதவீத அளவுக்கு இயங்கத் தயாராக இருந்தால் போதும், பங்கு முதலீட்டுக்கு 16 சதவீத வருவாய் உறுதி என்றது. இங்கே ‘இயங்கினால்’ என்பதற்கும் ‘இயங்கத் தயாராக இருந்தால்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல. வாரியம் மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும், எரிபொருளுக்கான மாறு கட்டணம் மட்டுமே எடுத்த யூனிட்டுக்கு ஏற்ப வரும் என்பது அதன் பொருள்.

இந்த ஏற்பாட்டின் கீழ் தமிழ்நாட்டில் முதலில் வந்தது சென்னை பேசின் பிரிட்ஜில் 196 மெகாவாட் ஜிஎம்ஆர் வாசவி நிலையம். தலா 49 மெகாவாட் கொண்ட நான்கு பெரிய டீசல் எஞ்சின்கள், கந்தகம் குறைந்த கன எண்ணெயில் ஓடின. நகரத்தின் நடுவே நன்னீருக்கு வழியில்லாததால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துத் தன் தேவைக்குப் பயன்படுத்திய நிலையம் அது. நீர் மேலாண்மையில் அது காட்டிய முன்மாதிரியை, அதன் மின்சார விலையைத் திட்டியவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். அடுத்து, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியில் 105.66 மெகாவாட், மதுரைக்கு அருகே சமயநல்லூரில் 106 மெகாவாட். இரண்டிலும் ஏறத்தாழ 15 மெகாவாட் திறனுள்ள ஏழேழு எஞ்சின்கள், எரிபொருள் உலை எண்ணெய். திருக்கடையூரை ஒட்டிய பிள்ளைப்பெருமாள்நல்லூரில் பிபிஎன் நிறுவனத்தின் 330.5 மெகாவாட் நிலையம், கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தாவையும் இயற்கை எரிவாயுவையும் எரிக்கும்படி கட்டப்பட்டு 2001இல் இயங்கத் தொடங்கியது. நெய்வேலியை அடுத்த ஊத்தாங்காலில் எஸ்டி–சிஎம்எஸ் நிறுவனத்தின் 250 மெகாவாட் நிலையம் பழுப்பு நிலக்கரியில் 2002இன் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் அதை ‘ஜீரோ யூனிட்’ என்றுதான் சொல்வார்கள். கடைசியாக 2005ஐ ஒட்டி வந்தவை காவிரிப் படுகை எரிவாயுவை நம்பிக் கும்பகோணம் பக்கத்துக் கருப்பூரில் அமைந்த 113.2 மெகாவாட் நிலையமும், ராமநாதபுரம் மாவட்டத்து எரிவாயுவை நம்பி வழுதூருக்கு அருகே வாலாந்தரவையில் அமைந்த 52.8 மெகாவாட் நிலையமும்.

கூட்டினால் ஏறத்தாழ 1,154 மெகாவாட் வருகிறது. எரிபொருள்வாரியாகப் பிரித்தால், எண்ணெய் எஞ்சின் நிலையங்கள் மூன்றும் சேர்ந்து 407.66, நாப்தாவும் எரிவாயுவும் கலந்தது 330.5, எரிவாயு மட்டும் 166, பழுப்பு நிலக்கரி 250. முதல் இரண்டு பிரிவுகளும் சேர்ந்தால் மொத்தத்தில் 64 சதவீதம். அதாவது, தனியார் வந்தால் மின்வெட்டு தீரும் என்று சொல்லிக் கட்டியவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, சர்வதேசக் கச்சா எண்ணெய் விலையோடு கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தது.

ஏன் அப்படித் தேர்ந்தார்கள் என்பது புரியாத புதிரல்ல. நிலக்கரிக்கு ஒதுக்கீடு வேண்டும், ரயில் பெட்டி வேண்டும், சாம்பல் கொட்ட இடம் வேண்டும், கட்டி முடிக்க நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். எண்ணெய் எஞ்சினோ கப்பலில் வந்து இறங்கி அடித்தளத்தில் உட்கார்ந்தால் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் மின்சாரம் தரும். 1990களின் நடுவில் மத்திய அரசே திரவ எரிபொருள் நிலையங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பேசின் பிரிட்ஜ் நிலையம் வணிக உற்பத்தியைத் தொடங்கிய 1999 பிப்ரவரியில் கச்சா எண்ணெய் பீப்பாய் பத்து, பன்னிரண்டு டாலருக்குக் கிடந்தது. 2008 ஜூலையில் அதே பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. தமிழ்நாடு கடுமையான மின்வெட்டில் சிக்கிய 2012–13இல் எண்ணெய் நிலையங்களின் ஒரு யூனிட் பத்து ரூபாயைத் தாண்டியிருந்தது. எடுத்தால் பணம் கரைகிறது, எடுக்காவிட்டால் ஊர் இருளில் கிடக்கிறது, இரண்டு நிலையிலும் நிலைக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜிஎம்ஆர் ஒப்பந்தத்தின் பதினைந்து ஆண்டுகள் 2014இல் முடிந்தன. மின்வெட்டு அச்சத்தில் இன்னும் ஓராண்டு நீட்டித்து, அதன்பின் வாரியம் கையை உதறிக்கொண்டது. சாமல்பட்டி, சமயநல்லூர் ஒப்பந்தங்களும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் காலாவதியாயின.

பிள்ளைப்பெருமாள்நல்லூர் நிலையத்தின் கதை வேறு. அதன் தொழில்நுட்பம் நல்லது, எரிவாயுச் சுழலியின் வெப்பத்தையே மீண்டும் நீராவியாக்கிப் பயன்படுத்தும் கூட்டுச் சுழற்சி முறை. ஆனால் நாப்தா கட்டுப்படியாகவில்லை, எரிவாயு போதிய அளவு வரவில்லை. தேசியக் குழாய் வலையோடு அன்றைக்குத் தொடர்பே இல்லாத காவிரிப் படுகையில் கிணறு கொடுப்பதுதான் கணக்கு. வாரியத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கட்டணத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 ஏப்ரலில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. மின் ஒழுங்குமுறை ஆணையங்களில் நீதித்துறை அனுபவமுள்ளவர் இடம்பெற வேண்டும் என்று இன்று வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பும் அதுதான். ஒரு மின் நிலையத்தின் பெயர் அதன் மின்சாரத்தைவிட அதன் வழக்கால் நிலைத்திருப்பது சற்று வேடிக்கையானதுதான்.

இந்த ஏழில் அலட்டிக்கொள்ளாமல் நின்றது பழுப்பு நிலக்கரி நிலையம். பழுப்பு நிலக்கரியின் எடையில் பாதிக்குப் பாதி ஈரம், கலோரி மதிப்பும் குறைவு, தொலைவுக்கு ஏற்றிச் செல்லக் கட்டாது. ஆனால் சுரங்கத்தின் வாயிலிலேயே கொதிகலனை வைத்துவிட்டால் ரயில் கட்டணமும் இல்லை, டாலர் ஏற்ற இறக்கமும் இல்லை. நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியின் விலை ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. ஆகவே கச்சா எண்ணெய் எங்கே போனாலும் ஊத்தாங்காலில் யூனிட்டின் விலை அதோடு ஓடவில்லை. நிறுவனத்தின் உரிமை 2007இல் அபுதாபியின் தாகா நிறுவனத்திடம் சென்றது, எரிபொருள் மட்டும் மாறவில்லை. இங்கிருந்துதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும்: தனியாரா அரசா என்ற விவாதத்தை நாம் முப்பது ஆண்டுகளாக நடத்துகிறோம், ஆனால் இந்த ஏழு நிலையங்களின் தலையெழுத்தை எழுதியது உரிமையாளர் யார் என்பது அல்ல, எந்த எரிபொருள், அதன் விலை எதோடு கட்டப்பட்டது, எவ்வளவு காலத்துக்கு என்பவைதான். எரிபொருள்வாரி அட்டவணையை நான் முக்கியமாகக் கருதுவதும் அதனால்தான்.

கைகூடாமல் போனவற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1990களில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பல, நிதி ஏற்பாடு முடியாமலே உதிர்ந்தன. தனியாரிடம் தரப்பட்டிருந்த 1,050 மெகாவாட் வடசென்னை விரிவாக்கம் அவற்றுள் பெரியது. பின்னர் அந்த வளாகத்தில் அரசே தலா 600 மெகாவாட்டில் இரண்டு அலகுகளைக் கட்டியது.

அடுத்த அலை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின் வந்தது. அனல் மின் உற்பத்திக்கு உரிமமே தேவையில்லை என்று அந்தச் சட்டம் சொன்னதால், வாரியத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யாமலே நிலையம் கட்டி, கிடைக்கும் சந்தையில் விற்கலாம் என்ற துணிச்சல் பிறந்தது. தூத்துக்குடியில் கோஸ்டல் எனர்ஜென் நிறுவனத்தின் 1,200 மெகாவாட், கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையை ஒட்டி ஐஎல்&எஃப்எஸ் நிறுவனத்தின் 1,200 மெகாவாட், தூத்துக்குடியிலும் கும்மிடிப்பூண்டியிலும் இன்னும் சில சிறிய நிலையங்கள் என்று 2010களில் தனியார் நிலக்கரித் திறன் கிடுகிடுவென ஏறியது. கடலோரத்தில் கட்டியதற்குக் காரணம் இறக்குமதி நிலக்கரி. கப்பலில் இந்தோனேசியாவிலிருந்து வரும் கரியைத் துறைமுகத்தருகே எரிப்பது, ஒடிசாவிலிருந்து ரயிலில் இழுத்து வருவதைவிட எளிது என்பது அன்றைய கணக்கு. இந்தோனேசியா தன் நிலக்கரி விலையைச் சர்வதேச விலையோடு இணைத்ததும் அந்தக் கணக்கு தடுமாறியது. 2022 மே மாதம், நாடு முழுவதும் இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் நஷ்டத்துக்கு அஞ்சி உற்பத்தியைக் குறைத்திருந்தபோது, மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் கொண்டு மத்திய அரசு அவற்றை முழுத் திறனில் ஓடும்படி உத்தரவிட வேண்டி வந்தது. கோஸ்டல் எனர்ஜென் நிலையம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி 2024இல் அதானி பவர் பங்கேற்ற கூட்டமைப்பின் கைக்குப் போனது. கச்சா எண்ணெய்க்குப் பதில் கடல்வழி நிலக்கரி, மற்றபடி பழைய கதையின் மறுபதிப்பு.

இந்தக் கட்டத்தில் புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. மாநிலத்தில் நிறுவப்பட்ட தனியார் திறன் வேறு, மாநிலம் வாங்க ஒப்பந்தம் செய்திருக்கும் தனியார் திறன் வேறு. 2013இல், மின் வாரியத்தின் வழிவந்த, பேச்சில் இன்னும் வாரியம் என்றே சொல்லப்பட்ட தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரிப் பதினொரு நிறுவனங்களிடமிருந்து 3,330 மெகாவாட்டைப் பதினைந்து ஆண்டுகளுக்கு, சராசரியாக யூனிட் 4 ரூபாய் 91 காசு என்ற விலையில் வாங்க முடிவு செய்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கொதிகலன்கள் சத்தீஸ்கர், ஒடிசா போன்ற வெளிமாநிலங்களில் இருந்தன. அங்கிருந்து மின்சாரம் வரத் தெற்கு மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதியோடு ஒத்திசைவாக இணைந்திருக்க வேண்டும். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நிகழ்ந்தது. எனவே வாரியத்தின் கொள்முதல் பட்டியலில் இருக்கும் மெகாவாட்டுகளை மாநில நிறுவு திறன் அட்டவணையில் தேடினால் கிடைக்காது. அதுபோலவே, பரங்கிப்பேட்டையில் 1,200 மெகாவாட் நின்றாலும் இந்த ஒப்பந்தத்தில் வந்தது அதில் 540 மட்டுமே.

காற்றாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டின் தனியார் திறனில் பெரும்பங்கு அதுதான். 1980களின் நடுவில் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வாரியம் செயல்விளக்கத்துக்கு நட்ட சிறு காற்றாலைகளிலிருந்து தொடங்கிய கதை, 2024 மார்ச்சில் ஏறத்தாழ 10,600 மெகாவாட்டில் வந்து நின்றது. அதில் வாரியத்தின் சொந்தக் காற்றாலைகள் 18 மெகாவாட்டைக்கூட எட்டாதவை. மீதியில் ஏறத்தாழ அத்தனையும் தனியாருடையது. இந்தியாவில் முதலிடத்தில் பல்லாண்டுகள் இருந்த மாநிலம், 2023இல் குஜராத்துக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது.

ஆனால் இந்தப் பத்தாயிரம் மெகாவாட்டையும் அப்படியே ‘சுயேச்சை உற்பத்தியாளர்’ கணக்கில் எழுதினால் அது தவறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போகிறவர், முப்பந்தலில் சாலையின் இருபுறமும் நிற்கும் காற்றாலைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும். கம்பிச் சட்டகக் கோபுரத்தின் மேல் வேகவேகமாகச் சுற்றும் சிறிய இறக்கைகள், பெரும்பாலும் 225, 250 கிலோவாட் திறனுள்ள 1990களின் இயந்திரங்கள். அவற்றுக்கு நடுவே உருளைக் கோபுரத்தில் சோம்பலாகச் சுற்றுவது இரண்டு மெகாவாட்டோ அதற்கு மேலோ கொண்ட புதிய இயந்திரம். ஒரு புதியது எட்டுப் பழையவற்றுக்குச் சமம். அந்தப் பழையவற்றில் கணிசமானவை கோயம்புத்தூர், ராஜபாளையம், திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்குச் சொந்தம். ஆலைக்காரர் தன் காற்றாலையில் எடுத்ததை வாரியத்தின் கம்பி வழியாகத் தன் ஆலைக்கே கொண்டுபோகிறார். இதைச் சொந்தப் பயன்பாட்டு உற்பத்தி, பேச்சு வழக்கில் கேப்டிவ் என்பார்கள். பலர் சேர்ந்து வைத்திருந்தாலும், 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்துவோரின் கையில் குறைந்தது 26 சதவீத உரிமையும், உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாத நுகர்வும் இருந்தால் அது கேப்டிவ்தான். பிறருக்கு விற்பதற்காகவே உற்பத்தி செய்பவரைத்தான் சுயேச்சை உற்பத்தியாளர் என்று சொல்ல வேண்டும். காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், ஆலையோ பன்னிரண்டு மாதமும் ஓடும் என்பதால், சீசனில் மிஞ்சியதை வாரியத்திடம் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ முறை இங்கே வளர்ந்தது. வாரியத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே ஓயாத வழக்குகளும் அதோடு வளர்ந்தன.

சூரிய மின்சாரத்தில் நிலைமை இதற்கு எதிர்மாறு: பெரிய நிலையங்கள் விற்பதற்காகவே பிறந்தவை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி நிறுவனம் 2016 செப்டம்பரில் இயக்கத்துக்குக் கொண்டுவந்த 648 மெகாவாட் நிலையம், 2,500 ஏக்கரில், ஏறத்தாழ 25 லட்சம் தகடுகளோடு அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையமாகப் பேசப்பட்டது. அதற்கு வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு. பத்தே மாதத்தில், 2017 ஜூலையில், அதே வாரியம் 1,500 மெகாவாட்டுக்குக் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. பட்டியலில் இரண்டும் ‘சூரியசக்தி – தனியார்’ என்று ஒரே பத்தியில் உட்காரும். வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒன்றின் யூனிட் மற்றதைப்போல் இரண்டு மடங்கு. 2024 மார்ச்சில் மாநிலத்தின் சூரியத் திறன் சுமார் 8,200 மெகாவாட். இதில் வீட்டுக்கூரை அமைப்புகளும், மத்திய அரசு நிறுவனமான என்எல்சியின் 1,300 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனும் அடக்கம் என்பதைக் கழித்தே தனியார் கணக்கைப் போட வேண்டும்.

சர்க்கரை ஆலைகளின் இணை மின் உற்பத்தி காகிதத்தில் ஏறத்தாழ 700 மெகாவாட். கரும்புச் சக்கை இருக்கும் அரவைப் பருவத்தில் மட்டுமே அது உயிரோடு இருக்கும். வறட்சியால் கரும்பு குறைந்த ஆண்டுகளில் அந்த 700இல் எவ்வளவு கம்பிக்கு வந்தது என்பதை ஆலை வாசலில் நிற்கும் லாரிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி எரிக்கும் சிறு உயிரிப்பொருள் நிலையங்களும் உண்டு. அவற்றின் பங்கு சில நூறு மெகாவாட்டுக்குள் அடங்கும்.

இனி, ஒரு மெகாவாட்டும் இன்னொரு மெகாவாட்டும் சமமல்ல என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஓராண்டில் 8,760 மணி நேரம். ஒரு மெகாவாட் இடைவிடாமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட். பழுப்பு நிலக்கரி நிலையம் 80 சதவீதத்தில் ஓடினால் அதே ஒரு மெகாவாட்டிலிருந்து 70 லட்சம் யூனிட். நல்ல இடத்திலுள்ள காற்றாலை 25 சதவீதத்தில் 21.9 லட்சம். சூரிய மின் நிலையம், மின் ஒழுங்குமுறை ஆணையம் கட்டண நிர்ணயத்துக்கு எடுத்துக்கொண்ட 19 சதவீதத்தில் 16.6 லட்சம். ஆக, ஊத்தாங்கால் நிலையத்தின் 250 மெகாவாட் ஓராண்டில் தரும் மின்சாரத்தைச் சூரியனிடமிருந்து பெற 1,050 மெகாவாட்டுக்கு மேல் நிறுவ வேண்டும். அப்போதும் மாலை ஏழு மணிக்கு, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஒருசேர ஓடும் நேரத்தில், அதன் பங்கு சுழியம். இதைச் சொல்வதால் நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். எரிபொருள் விலை என்ற ஒன்றே இல்லாததால், பேசின் பிரிட்ஜில் நடந்தது கமுதியில் நடக்க வழியே இல்லை. ஏழு ரூபாய் என்று ஒப்புக்கொண்டது அதிகமாக இருக்கலாம், ஆனால் இருபத்தைந்து ஆண்டும் அது ஏழு ரூபாய்தான். மெகாவாட்டை மெகாவாட்டோடு கூட்டி ‘தனியார் திறன் இருபது மடங்கு வளர்ந்தது’ என்று முழங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

ஆகவே நீங்கள் அட்டவணை தயாரிக்கிறீர்கள் என்றால் என் யோசனை இது. மத்திய மின்சார ஆணையத்தின் மாதப் பட்டியலை அடிப்படையாக எடுங்கள், ஏனென்றால் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவுகோல் அதில்தான் உண்டு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிறுவு திறனில் பாதிக்கும் மேல் தனியாரிடம் வந்துவிட்டதையும் அதே பட்டியலில் பார்க்கலாம். பிறகு கேப்டிவ் காற்றாலைகளைத் தனி வரியாகப் பிரியுங்கள். ஒப்பந்தம் முடிந்த எண்ணெய் நிலையங்கள் எந்த ஆண்டுவரை பட்டியலில் நீடித்தன என்று பார்த்து அடிக்குறிப்பு இடுங்கள், ஏனென்றால் ஓடாத எஞ்சினும் அகற்றப்படும்வரை நிறுவு திறனாகவே எண்ணப்படும். 2024இல் மின் கழகம் பிரிக்கப்பட்டு, மரபுசாரா எரிசக்திக்குத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் என்று தனி நிறுவனம் வந்துவிட்டதால், அனல் கணக்கை ஓரிடத்திலும் காற்று, சூரியக் கணக்கை வேறிடத்திலும் தேட வேண்டியிருக்கும்.

2013இல் செய்த அந்த நிலக்கரி ஒப்பந்தங்களின் காலம் 2028இல் முடிகிறது. அதற்குள் மின்கலச் சேமிப்பு நிலையங்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டுத் தனியார் முன்வந்திருக்கிறார்கள். அவற்றை எந்தப் பத்தியில் எழுதுவது என்பது அடுத்த தலைவலி. மின்கலம் எதையும் உற்பத்தி செய்வதில்லை, பகலில் வாங்கியதை மாலையில் திருப்பித் தருகிறது. அதன் திறனை மெகாவாட்டில் மட்டும் எழுதினால் எத்தனை மணி நேரம் என்பது விடுபட்டுப்போகும், ஆகவே மெகாவாட் மணி என்று இன்னொரு பத்தியை இப்போதே அட்டவணையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.